மஞ்சள் விளக்கு சொல்வதும் சொல்லாததும்

டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வழிதான் தெரியும். வண்டி ஓடத்தானே செய்கிறது என்று விட்டுவிடுவது ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் நீட்டும் பில்லைக் கட்டுவது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் கையை விட்டுத் தடவினால் ஒரு சாக்கெட் தட்டுப்படும். அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அடாப்டரைச் செருகி லேப்டாப்போடு இணைத்தால், வண்டிக்குள் இருக்கும் கணினி தான் பார்த்ததையெல்லாம் நமக்கும் காட்டும்.

காட்டுவதைச் சரியாகப் படிப்பதில்தான் சூட்சுமம். திரையில் 'ஆக்சிஜன் சென்சார்' என்ற சொல்லைப் பார்த்ததுமே சென்சாரைக் கழற்றிப் புதிதாக மாட்டுகிறவர்கள் உண்டு. காசு போகும், சில நாளில் விளக்கு மறுபடி எரியும். எரர் கோடு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவீடு வரம்பு மீறியது என்பதை மட்டுமே சொல்கிறது. மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு லேப்டாப் நல்ல துணை.

புகைமூட்டத்தில் பிறந்த சாக்கெட்

இந்தச் சாக்கெட்டை மெக்கானிக்குகளின் வசதிக்காக யாரும் வைக்கவில்லை. இதன் கதை லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் தொடங்குகிறது. 1940களில் அங்கே கண்ணை எரிக்கும் புகைமூட்டம் அடிக்கடி கவிந்தது. கால்டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியேற்றும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் இந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். பின்னர் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

புகைக்கு வரம்பு விதித்த பிறகு புதிய சிக்கல் ஒன்று வந்தது. ஷோரூமிலிருந்து வரும்போது சுத்தமாக ஓடும் கார், ஐந்து வருடம் கழித்து ஒரு சென்சார் கெட்டுப்போய்ப் புகை கக்கினால் ஓட்டுபவருக்கே தெரியாது. அதனால், தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, கோளாறு வந்தால் விளக்கைப் போட்டுச் சொல்லும் வேலை காரிடமே ஒப்படைக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் 1988 மாடல் கார்களிலிருந்து இதன் முதல் கட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சாக்கெட், ஒரு கோடு முறை என்று தனித்தனியாக இருந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் 'ஓபிடி-2' கட்டாயமானது. 16 ஊசி கொண்ட ஒரே வடிவச் சாக்கெட், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே எட்டும் இடம், பொதுவான கோடுகள் எல்லாம் அதோடு வந்தவை. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இதே போன்ற விதி வந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020-இல் பி.எஸ்.6 புகை விதியோடு இரு சக்கர வாகனங்களும் இதற்குள் வந்தன. பல பைக்குகளில் 16 ஊசிக்குப் பதில் 6 ஊசிச் சாக்கெட் இருப்பதால் இடையில் ஒரு கன்வெர்ட்டர் கேபிள் தேவைப்படும்.

பிறந்த காரணம் தெரிந்தால் இதன் எல்லையும் புரியும். சட்டம் கேட்பது புகை சம்பந்தப்பட்ட விவரங்களை மட்டும்தான். எனவே பொது அடாப்டரும் பொது மென்பொருளும் எஞ்சினைப் பற்றி நிறையச் சொல்லும். ஏ.சி., ஏர்பேக், பவர் விண்டோ ஆகியவற்றைப் பற்றி வாயைத் திறக்காது.

இரண்டு கம்பிகளில் ஓடும் பேச்சு

சாக்கெட்டின் 16 ஊசிகளில் சிலவற்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 4, 5 இரண்டும் எர்த். 16-ஆவது பேட்டரியின் பிளஸ். சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். 6-உம் 14-உம் தகவல் ஓடும் 'கேன்' கம்பிகள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983-இல் உருவாக்கத் தொடங்கி 1986-இல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்திய வலையமைப்பு இது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாக் கார்களும் இதன் வழியாகவே ஸ்கேனரோடு பேச வேண்டும் என்பது விதி.

கேன் வலையமைப்பில் பேச்சு இல்லாதபோது இரண்டு கம்பிகளிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். கேட்பவர் கவனிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. இக்னிஷன் காயிலின் மின்னிரைச்சல் கம்பிகளில் ஏறினால், வெள்ளம் வரும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு படகுகளும் சேர்ந்தே உயர்வதுபோல இரண்டிலும் ஒரே அளவு ஏறும், வித்தியாசம் கெடாது. எஞ்சின் அறைக்குள் இவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் செய்தி பிசகாமல் போவது இதனால்தான்.

இந்த இரு கம்பிகளின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் இணையாக இருப்பதால் மொத்தம் 60 ஓம். லேப்டாப்பில் 'வாகனம் பதில் தரவில்லை' என்று வந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சாதாரண மல்டிமீட்டரால் 6, 14 ஊசிகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 60 ஓம் அளவில் வந்தால் கம்பிகள் நலம். 120 வந்தால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. சுழியை ஒட்டி வந்தால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கும் முன்னால் இன்னும் எளிய சோதனை ஒன்று: அடாப்டரைச் செருகியதும் அதன் சின்ன விளக்கே எரியவில்லையா? பல கார்களில் இந்தச் சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். மொபைல் சார்ஜர் தகராறில் அது போயிருக்கலாம்.

கேள்வி கேட்டால் பதில் வரும்

சந்தையில் கிடைக்கும் மலிவு அடாப்டர்களில் பெரும்பாலானவை 'இஎல்எம்327' என்ற சிப்பின் நகல்கள். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2005-இல் வெளியிட்ட அசல் சிப், காரின் மொழியைக் கணினியின் சீரியல் போர்ட் புரிந்துகொள்ளும் எழுத்துகளாக மாற்றியது. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாததால் உலகெங்கும் நகல்கள் பெருகின. 'பதிப்பு 1.5' என்று பெருமையாகப் போட்டு விற்கப்படும் அடாப்டர்கள் பல. அந்த எண்ணில் எல்ம் நிறுவனம் எதையும் வெளியிட்டதே இல்லை. நகல் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சின் கோடுகளைப் படிக்கப் பல நகல்கள் போதும். ஆனால் சில கட்டளைகளை விழுங்கிவிடும், வேகமாகத் தகவல் வரும்போது தடுமாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருளின் வண்ண மீட்டர்களுக்குப் பின்னால் நடப்பது எளிய கேள்வி பதில்தான். ஒரு டெர்மினல் விண்டோவைத் திறந்து 01 05 என்று தட்டினால், 'இப்போதைய கூலன்ட் வெப்பநிலை என்ன?' என்று பொருள். 41 05 78 என்று பதில் வருகிறது. 41 என்பது கேள்வி கிடைத்ததற்கான ஒப்புதல், 05 கேட்ட விஷயம், 78 விடை. இது பதினாறடிமான எண். 7-ஐ 16-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால் 120. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ். மைனஸ் வெப்பநிலையையும் ஒரே பைட்டுக்குள் அடக்கத்தான் இந்த 40-ஐக் கழிக்கும் ஏற்பாடு.

இந்தச் சிறு கணக்கு ஒரு கோளாறைக் கண்ணெதிரே காட்டும். திரையில் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று நிற்கிறது என்று வையுங்கள். அது மிகச் சிறிய எண்ணான சுழியிலிருந்து 40-ஐக் கழித்து வந்த விடை. ஊட்டியில்கூடக் காணாத குளிர். கூலன்ட் சென்சார் சூடேற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது. குளிர்ந்தால் தடை கூடும். கம்பி அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ தடை எல்லையற்றதாகிவிடும். கணினி அதை உச்சக் குளிர் என்று எடுத்துக்கொள்ளும்.

கெட்டது சென்சாரா, வயரா? கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். காட்டும் வெப்பநிலை மைனஸ் 40-லிருந்து ஒரேயடியாக உச்சத்துக்கு எகிறினால் வயரும் கணினியும் சரி, சென்சார்தான் போய்விட்டது. இணைத்த பிறகும் மைனஸ் 40-லேயே நின்றால் வயரிங்கில் அறுப்பு. புதிய சென்சார் வாங்கியிருந்தால் வீண். இரண்டே கம்பி உள்ள வெப்பநிலை சென்சாருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை பொருந்தும். மூன்று கம்பி உள்ளவற்றில் இப்படிச் செய்தால் வேறு ஏதாவது புகையும். சில வண்டிகளில், சென்சார் கெட்டது தெரிந்ததும் கணினியே ஒரு மாற்று அளவைப் போட்டுக்கொள்ளும். அங்கே மைனஸ் 40 கண்ணில் படாது.

காற்று கூடியதா, பெட்ரோல் குறைந்ததா

எரர் கோடின் முதல் எழுத்து கோளாறு எஞ்சின்-கியர் பகுதியிலா, பாடியிலா, சேஸியிலா, கணினிகளுக்கிடையேயான தொடர்பிலா என்று சொல்லும். அடுத்த இலக்கம் பெரும்பாலும் 0 அல்லது 1. 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. மிச்ச இலக்கங்கள் சுட்டும் விவரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். கலவை 'லீன்', அதாவது தேவைக்கு மேல் காற்று, தேவைக்குக் குறைவாகப் பெட்ரோல் என்று பொருள். பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்தபின் சைலன்சர் குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து, கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் இந்த விகிதத்தைக் காக்கிறது. எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்ற சதவீதத்துக்கு 'ஃபியூல் டிரிம்' என்று பெயர். கூட்டிக் கூட்டிப் பார்த்தும் கட்டுப்படவில்லை என்றால் பி0171 பதிவாகும். ஆக்சிஜன் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் பெரும்பாலும் இந்தக் கோடே வருகிறது. அதைத் தூக்கிப் போடுவதில் என்ன நியாயம்?

இப்போது லைவ் டேட்டாவைப் பாருங்கள். எஞ்சின் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது ஃபியூல் டிரிம் பிளஸ் 22 சதவீதம் என்று வையுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்-இல் பிடித்தால் அது பிளஸ் 4-க்கு இறங்கிவிடுகிறது. இது இன்டேக் பக்கத்தில் எங்கோ ரப்பர் ஹோஸ் வெடித்திருப்பதன் அடையாளம். வெடிப்பு வழியாகப் புகும் திருட்டுக் காற்று, எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும் ஐட்லிங்கில் பெரிய பங்கு. எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும்போது அதே அளவு சொற்பப் பங்கு. மாறாக, ஐட்லிங்கில் எல்லாம் சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் டிரிம் ஏறிக்கொண்டே போனால், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். ஒரே கோடு, ஆனால் இரண்டு வேறு வேறு சிகிச்சை. இந்தக் கணக்கு உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளுக்கு. இன்டேக் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணிக்கும் வண்டிகளில் திருட்டுக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், டிரிம் அதிகம் மாறாமல் ஐட்லிங் வேகம் ஏறி நிற்கும்.

கோடு பதிவான கணத்தில் இருந்த ஆர்.பி.எம்., வேகம், எஞ்சின் சூடு, சுமை ஆகியவற்றையும் கணினி ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்து வைக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பார்கள். கோளாறு வந்தபோது வண்டி சிக்னலில் நின்றதா, நெடுஞ்சாலையில் பறந்ததா என்று அதில் தெரியும்.

மிஸ்ஸிங்கைப் பிடிக்கும் பற்கள்

'வண்டி மிஸ்ஸிங் அடிக்குது' என்று மெக்கானிக் காதால் கேட்டுச் சொல்வதைக் கணினி பற்களை எண்ணிக் கண்டுபிடிக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு சக்கரத்தில் பல கார்களில் 60 பற்களுக்கான இடம் இருக்கும்; இடம் தெரிவதற்காக இரண்டை விட்டுவிட்டு 58 பற்கள் வைத்திருப்பார்கள். ஒரு சிலிண்டரில் எரிப்பு நடக்காவிட்டால் அந்தச் சுற்றில் சக்கரம் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு தாமதிக்கும். எந்தச் சிலிண்டரின் முறையில் தாமதம் என்று பார்த்து, முதல் சிலிண்டர் என்றால் பி0301, இரண்டாவது என்றால் பி0302 என்று பதிகிறது.

பி0301 வந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறவில்லை என்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி அணைந்தால் மட்டும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அழித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

சம்பந்தமே இல்லாத பத்துக் கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருப்பது இயல்பு. சாவியைத் திருப்பும்போது மின்னழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை என்று ஆளுக்கொரு புகார் எழுதிவிடும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவைச் சுரண்டியதும் எல்லாம் மறைந்த வண்டிகள் ஏராளம்.

பூட்டும் சாவியும்

ஏ.பி.எஸ்., ஏர்பேக் பக்கம் போக வேண்டும் என்றால் அந்தந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த மென்பொருள் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கு விசிடிஎஸ், ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்று லேப்டாப்பில் ஓடும் மென்பொருள்கள் உண்டு. பல ஃபோர்டு கார்களில் பாடி சம்பந்தப்பட்ட கணினிகள் 3, 11 ஊசிகளில் ஓடும் இன்னொரு வலையமைப்பில் இருப்பதால், அதற்கு மாறும் சுவிட்ச் வைத்த அடாப்டர் தேவை. மறைமலை நகர் ஆலையில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-இல் நின்றுபோன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோர்டு கார்களின் சொந்தக்காரர்களுக்கு இந்த வசதி பெரிய ஆறுதல்.

கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதில் ஆபத்தும் உண்டு. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றை இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன் பிறகு சில நிறுவனங்கள் சாக்கெட்டுக்கும் உள் வலையமைப்புக்கும் நடுவே பாதுகாப்பு வாயில் வைத்தன. திருடனைத் தடுக்கும் அந்த வாயில் தெருமுனை மெக்கானிக்கையும் தடுக்கிறது.

வெளி மெக்கானிக்குகளைத் தடுக்கும் இந்தச் சிக்கல் இந்தியாவில் முன்பே வழக்காக வந்தது. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

செய்யக் கூடாதவை

வண்டியை ஓட்டிக்கொண்டே லேப்டாப் திரையைப் பார்க்காதீர்கள்; பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது பதிவு செய்துவிட்டு வீட்டுக்கு வந்து பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அடாப்டரைச் சாக்கெட்டிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பேட்டரி இறங்கும், மலிவு புளூடூத் அடாப்டர்களின் 1234 என்ற கடவு எண் ஊருக்கே தெரியும். கோடைப் படிப்பது ஒன்று, கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது வேறு. எழுதும்போது பாதியில் மின்சாரம் போனால் அந்தக் கணினியே பயனற்றுப் போகலாம். அனுபவம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: 'கிளியர்' பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழுத்தினால் விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும், வண்டி செய்து முடித்திருந்த சுய சோதனைகளின் விவரமும் அழிந்துபோகும். முதலில் கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஒரு தாளிலாவது எழுதி வையுங்கள். சொந்தமாகப் பார்க்க விருப்பமில்லையா, அப்போதும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: என்ன கோடு வந்தது? இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.